முகம் பாராமல் சொன்ன விடை

மார்க்க வினாக்களுக்கு விடை சொல்வது நமக்கு முப்பதாண்டுப் பழக்கம். ஓதி முடித்து ஸனது பெற்று ஊர் திரும்பிய நாள் தொட்டு, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட பொழுதில் நம் வீட்டுத் திண்ணை பிறருக்கே உரியதாகி விட்டது. பாகப்பிரிவினை, தலாக், ஸகாத், வங்கிக் கடன், நோன்பு வைத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்வது என்று வருவோர் கேட்பர், நாம் சொல்வோம். பழக்கம் முதிர்ந்தால் அறிவும் முதிரும் என்பது உண்மைதான். ஆனால் அதனோடு ஓர் ஆபத்தும் முதிர்கிறது. கேட்பவர் வாய் மூடுமுன்பே விடை நம் நாவின் நுனியில் வந்து நின்றுவிடுகிறது. அப்படி வந்து நின்ற ஒரு விடையைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தோம். யாருடைய வாழ்வை அது தொட்டதோ அவளே, “எழுதுங்க ஹஜ்ரத், நாலு பேருக்குப் பயன்படட்டும்” என்று சொன்னதனாலும், பெயரை மறைத்தே எழுதுவதனாலும், புறம் பேசிய பாவம் நம்மைச் சேராது என்று நம்புகிறோம்.

2016ஆம் ஆண்டு. ஷஅபான் மாதத்து மாலை ஒன்றில் அவள் தன் உம்மாவோடு வந்தாள். ஏழு வயதில் நம் மக்தபில் அலிஃப், பே ஓதத் தொடங்கிய பிள்ளை, அப்போது முப்பத்தொரு வயது, இரு குழந்தைகளுக்குத் தாய், கணவர் ஸவூதியில். வழக்கம்போல் உள்ளறைத் திரைக்கு அப்பால் நம் இல்லத்தாரோடு அவர்கள் அமர, திரைக்கு இப்பால் நாம் அமர்ந்தோம்.

“ஹஜ்ரத், முகத்துல ஆப்பரேஷன் பண்ணிக்கிறது கூடுமா?”

என்ன அறுவை, எதற்கு என்று கேட்டோம். அந்த அளவுக்குக் கேட்டோம் என்பதே இப்போது நமக்குள்ள ஒரே ஆறுதல்.

“என் முகம் ஆம்பிள்ளை முகமா இருக்கு ஹஜ்ரத். நெத்தியும் மூக்கும் தாடையும். அதைப் பொம்பளை முகமா ஆக்குறதுக்கு இப்ப வைத்தியம் இருக்காம். எலும்பைச் செதுக்குறாங்களாம். அவங்க லீவுல வந்தப்ப...” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். கணவர் என்ன சொன்னார் என்பதை அவளும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

விடை தயாராக இருந்தது. படைப்பை மாற்றும்படி மனிதரை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததைக் கூறும் சூரத்துன் நிஸாவின் 119ஆம் வசனத்தை ஓதினோம். பச்சை குத்தும் பெண்களையும், புருவ மயிரைப் பறிக்கும் பெண்களையும், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களையும் பற்றி இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் எச்சரிக்கையை எடுத்துரைத்தோம். பல் இடைவெளியைப் பற்றிச் சற்று விரித்தும் சொன்னோம்; அக்காலத்து அரபுப் பெண்கள் இளமையாய்த் தோன்றவேண்டி அவ்வாறு செய்தனர் என்று சொற்பொருள் விளக்கம் வேறு. திரைக்கு அப்பால் ஓசை இல்லை. பிறகு அவள் மெல்லச் சொன்னாள்:

“இது அல்லாஹ் தந்த முகம் இல்லையோன்னு எனக்குத் தோணுது ஹஜ்ரத்.”

நமக்குச் சினம் வந்தது. தவ்பாச் செய்யுமாறு கடிந்துரைத்தோம். கண்ணாடி பார்க்கையில் ஓதும் துஆவை, என் தோற்றத்தை அழகுறச் செய்த இறைவா, என் குணத்தையும் அழகாக்கு என்ற கருத்தமைந்த அந்தத் துஆவை, நாள்தோறும் ஓதச் சொன்னோம். தோற்றத்துக்கு கல்க், குணத்துக்கு குலுக்; இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்று மொழி நயமும் பேசினோம். அவள் எழுந்து ஸலாம் சொல்லிப் போய்விட்டாள்.

அன்றிரவு உணவின்போது நம் இல்லத்தார் ஒரு செய்தி சொன்னார். “அந்தப் பிள்ளை முகம் அந்தப் பிள்ளை முகமாவே இல்லை. கையும் தடிச்சுப் போச்சு. மாப்பிள்ளை போட்ட மோதிரத்தைத் தட்டார்கிட்டக் குடுத்து வெட்டி எடுத்தாளாம்.” வயது ஏறினால் உடம்பும் ஏறும் என்று சொல்லிவிட்டு நாம் மீனில் முள் எடுக்கத் தொடங்கினோம். அதோடு நின்றோமா? அடுத்த ஜும்ஆவில், படைத்தவன் தந்த முகத்தை விலைக்கு மாற்றிக்கொள்ளத் துடிக்கும் இக்காலப் பெண்களைப் பற்றி அரைமணி நேரம் பயான் செய்தோம். ஒலிபெருக்கி நம் தெரு முழுதும் கேட்கும். அவள் வீடு நம் தெருவில்தான்.

இரண்டாண்டுகள் கழிந்தன. 2018இல் அவளுடைய தம்பி வந்து, லாத்தாவுக்கு மூளைக்கடியில் கட்டி, வரும் செவ்வாயன்று அறுவை, துஆச் செய்யுங்கள் என்றான். பல் வலிக்கென்று போன இடத்தில் கண்டுபிடித்தார்களாம். பல் மருத்துவராகிய அம்மையார் அவள் வாயைப் பார்த்ததும் வலியுள்ள பல்லை விட்டுவிட்டு, “இந்த இடைவெளியெல்லாம் எப்போதிலிருந்து?” என்று கேட்டிருக்கிறார். பிறகு, “செருப்பின் அளவு கூடியிருக்கிறதா?” என்றாராம். அதற்குப் பிறகு ஒரு பழைய நிழற்படத்தைக் கேட்டாராம்.

எப்போதிலிருந்து! நாம் கேட்டிருக்க வேண்டிய ஒரே சொல் அது. அவளுடைய பற்கள் தாமாகவே விலகிக்கொண்டிருந்த காலத்தில்தான் நாம் திரைக்கு இப்பால் அமர்ந்து, அழகுக்காகப் பல்லை விலக்கும் பெண்களைப் பற்றி ஹதீஸ் ஓதிக்கொண்டிருந்தோம்.

அந்நோயின் பெயர் அக்ரோமெகலி. பியேர் மாரி என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1886ஆம் ஆண்டில் இட்ட பெயர். மூளையின் அடித்தளத்தில், மூக்கின் மேற்புறத்துக்குப் பின்னால், பயற்றளவே உள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி இருக்கிறது. அதில் ஒரு சிறு கட்டி தோன்றி வளர்ச்சி ஹார்மோனை அளவின்றிச் சுரக்கிறது. வளரும் வயதில் இது நேர்ந்தால் பிள்ளை அசாதாரண உயரம் வளரும். வளர்ச்சி நின்ற பின் நேர்ந்தாலோ, உயரத்துக்கு வழியில்லாமல் எலும்பு தடிக்கிறது. புருவத்து எலும்பு முன்தள்ளும், மூக்கு அகலும், கீழ்த்தாடை நீளும், பற்கள் விலகும், உதடும் நாவும் பருக்கும், குரல் தாழும், கைகால் பெருக்கும். அதாவது, ஒரு பெண்ணின் முகம் சிறிது சிறிதாக ஆணின் முகத்தை நோக்கிப் போகும். இது ஒரு நாளில், ஓர் ஆண்டில் நடப்பதன்று. ஆகவே உடனிருப்போருக்குத் தெரிவதில்லை. ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருவோருக்கே பளிச்சென்று தெரியும். ஸவூதியிலிருந்து ஈராண்டுக்கு ஒரு முறை வந்த கணவர்தான் அதை முதலில் கண்டார். கண்டவர் மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை; குத்திப் பேசினார். நாமும் அவரினும் மேலாக ஒன்றும் செய்துவிடவில்லை.

முகத்தோடு இந்நோய் நிற்பதில்லை. தலைவலி, வியர்வை, குறட்டை, மூட்டு வலி, மாதவிலக்குத் தடுமாற்றம், நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றாய் வரும். இதயமும் பருக்கும். கட்டி மேல்நோக்கி வளர்ந்து கண் நரம்பை அழுத்தினால் பக்கவாட்டுப் பார்வை குன்றும். அவள் வீட்டு நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டே இருந்தாள் என்றும், கவனமில்லாத பெண் என்று மாமியார் கடிந்துகொண்டார் என்றும் பின்னர் அறிந்தோம். இத்தனைக்கும் முதற் சோதனை ஓர் இரத்தச் சோதனைதான். ஐ.ஜி.எஃப்-1 என்னும் பொருளின் அளவைப் பார்க்கிறார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, வளர்ச்சி ஹார்மோன் தாழ்கிறதா என்று பார்க்கிறார்கள். நலமுள்ளவருக்குத் தாழும், நோயுற்றவருக்குத் தாழாது. அதன்பின் எம்.ஆர்.ஐ. படம். அறுவையையும் மண்டையைத் திறக்காமல் மூக்கின் வழியாகவே செய்கிறார்கள். மீதியுள்ளதற்கு மாதமொரு ஊசி, தேவைப்பட்டால் கதிர்வீச்சு.

அறுவைக்குப் பின் நாம் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவரின் மேசைமேல் அவளுடைய நிழற்படங்கள் ஆண்டு வாரியாக வரிசையாய் அடுக்கியிருந்தன. நிக்காஹ் அன்று எடுத்தது, மூத்தவன் பிறந்தபோது எடுத்தது, பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. மக்தபில் ஓதிய நாளில் பார்த்த அந்த முகம் முதற்படத்தில் அப்படியே இருந்தது. கடைசிப் படத்தில் இருந்தவளை நமக்குத் தெரியவில்லை. அல்லாஹ் தந்த முகம் இல்லையோ என்று அவள் சொன்னது நன்றி கொன்ற சொல் அன்று. கண்ணால் கண்ட உண்மை. நாம் அதற்குத் தவ்பாச் செய்யச் சொன்னோம்.

இந்நோயை உலகம் கேலிக்குரியதாக்கிய கதை ஒன்றும் உண்டு. மேரி ஆன் பெவன் என்பவர் இங்கிலாந்தில் தாதியாய் இருந்தவர். நான்கு பிள்ளைகளின் தாய். மணமான பின் முகம் மாறத் தொடங்கியது. 1914இல் கணவர் இறந்தார். பிள்ளைகளைக் காப்பாற்ற வேறு வழியின்றி, உலகிலேயே அழகற்ற பெண் என்ற விளம்பரத்தோடு 1920இல் அமெரிக்காவின் கோனித் தீவுக் காட்சிக் கூடத்தில் நின்றார். காசு கொடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். ‘டைம்’ இதழும் அவருடைய படத்தை வெளியிட்டு நகையாடியபோது, ஹார்வி குஷிங் என்னும் பெயர்பெற்ற மூளை அறுவை மருத்துவர் 1927இல் அவ்விதழுக்குக் கடிதம் எழுதி, இது நோய், நகைப்புக்குரியதன்று என்று கண்டித்தார். அவ்வம்மையார் 1933இல் இறந்தார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும், மிம்பரில் நின்று பேசிய நமக்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம்.

ஊர் திரும்பியதும் கிதாபுகளைப் புதிதாய்ப் புரட்டினோம். புதிதாக எதையும் காணவில்லை என்பதுதான் வெட்கம். எல்லாம் நாம் ஓதியவை, ஓதிக்கொடுத்தவை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பிலேயே ‘அழகின் பொருட்டு’ என்ற சொல் இருக்கிறது. அதற்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், அழகுக்காகச் செய்வதே விலக்கப்பட்டது. மருத்துவத்துக்காகவோ, பல்லில் உள்ள குறையை நீக்கவோ தேவைப்பட்டால் குற்றமில்லை என்று ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் தெளிவுபடுத்துகிறார்கள். முஸ்னத் அஹ்மதில் வரும் இன்னோர் அறிவிப்பில் நோயின் காரணமாகச் செய்வதற்கு வெளிப்படையான விலக்கே இருக்கிறது. பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதைக் களைவது விலக்கன்று, நம் மத்ஹபில் அது விரும்பத்தக்கது என்றும் இமாம் நவவீ எழுதுகிறார்கள். இமாம் தபரீ (ரஹ்) இதில் மாறுபட்டார்கள் என்பதையும் அங்கேயே குறிப்பிடுகிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் திமிஷ்க் நகரில் அமர்ந்து எழுதிய ஓர் இமாமுக்கு, தன் முகம் ஆண்முகமாகிறதே என்று ஒரு பெண் படும் துயர் புரிந்திருந்தது. ஷாஃபிஈ என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தியையும் வாசகர்கள் அறிவர். இஸ்லாத்துக்கு முந்திய காலத்தில் குலாப் என்ற போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். அது நாறத் தொடங்கியது. தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆணுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், ஒரு மனிதனின் முகத்துக்காக அவ்விலக்குத் தளர்ந்தது. இதையும் நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம்.

ஆயினும் நம்மை உறங்கவிடாமல் செய்தது வேறொரு ஹதீஸ். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, இல்லை என்றார்கள். குளித்தார், இறந்தார். செய்தி கேட்ட அண்ணலார் (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று வருந்திக் கடிந்து, தெரியாதபோது கேட்டிருக்கலாகாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதன்றோ என்றார்கள். அபூதாவூதில் ஜாபிர் (ரலி) வழியாக வருகிறது. அல்லாஹ்வின் கருணையால் நம் கேள்வியாளர் உயிரோடிருக்கிறார். ஆனால் இழந்த இரண்டாண்டுகளில் நீரிழிவு வந்து சேர்ந்தது; இடக்கண்ணின் பக்கப் பார்வை முழுதாய்த் திரும்பவில்லை.

இனி, அவள் முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஏனெனில் அவள் அதை மறக்கவில்லை. கட்டி நீங்கி ஹார்மோன் அடங்கியதும் முகத்து வீக்கமும் உதட்டுத் தடிப்பும் சில வாரங்களிலேயே கணிசமாகக் குறைந்தன. வளர்ந்த எலும்போ வளர்ந்தபடியே நின்றது. அது தானாகக் குறைவதில்லை. ஆகவே 2020இன் இறுதியில் மீண்டும் திண்ணைக்கு வந்தாள். இம்முறை நாம் திரையை விலக்கி, நம் இல்லத்தாரை அருகில் அமர்த்திக்கொண்டு, முகத்தைப் பார்த்தே கேட்டோம்.

மருத்துவர் அவளுக்குச் சொன்னவற்றையும், நாம் விசாரித்து அறிந்தவற்றையும் சற்று விளக்கமாகவே தருகிறோம். நம் குடும்பங்களில் இவை பற்றிக் காதோடு காதாகப் பேச்சிருக்கிறதேயன்றித் தெளிவில்லை.

முக எலும்புகளை அறுத்து இடம் மாற்றலாம் என்று உலகுக்குக் காட்டியவர் பால் டெசியே என்னும் பிரெஞ்சுக்காரர். பிறவியிலேயே முக எலும்பு கோணிய பிள்ளைகளுக்குத் தாம் செய்த அறுவைகளை 1967இல் ரோம் நகர மாநாட்டில் அவர் விளக்கினார். அக்கலையைக் கொண்டு, ஆண் மண்டையோட்டுக்கும் பெண் மண்டையோட்டுக்கும் உள்ள வேற்றுமைகளை ஆராய்ந்து, முகத்தைப் பெண்மைச் சாயலாக்கும் அறுவையை முறைப்படுத்தியவர் சான்பிரான்சிஸ்கோவின் டக்ளஸ் அவுஸ்டர்ஹவுட். நெற்றியைப் பற்றிய அவருடைய கட்டுரை 1987இல் வெளிவந்தது. திருநங்கையருக்காகவே இது முதலில் உருவானது. பின்னர், பெண்ணாகவே பிறந்து எலும்புக் கட்டு வலுவாய் அமைந்த பெண்களும் நாடத் தொடங்கினர். தாடைக் கோணத்தைக் குறைக்கும் அறுவை கொரியாவில் பல்லாண்டுகளாகப் பெண்களிடையே நடந்துவருகிறது.

நெற்றி அறுவை எளிதன்று. கூந்தலுக்குள் காதிலிருந்து காதுவரை கீறி, நெற்றித் தோலைக் கீழே மடித்துவிட்டு எலும்பைத் தொடுகிறார்கள். புருவ மேட்டுக்குப் பின்னால் பெரும்பாலோருக்குக் காற்றறை ஒன்று உண்டு. அதன் முன்சுவர் தடித்திருந்தால் இழைத்தே குறைக்கலாம். மெல்லிதாயிருந்தால் இழைக்க முடியாது, ஓட்டை விழுந்துவிடும். அச்சுவரைத் தனியே எடுத்து, வடிவம் திருத்திப் பின்தள்ளி வைத்து, டைட்டானியத் திருகாணிகளால் பொருத்துகிறார்கள். நெற்றி அகன்றிருந்தால் மயிர் வரம்பையும் அப்போதே இறக்குவதுண்டு. உச்சந்தலையில் மரத்துப்போதல் நெடுநாள் இருக்கும். மூக்கைச் சிறிதாக்கும் அறுவையில் வீக்கம் முற்றும் வடிய ஓராண்டாகும். தாடைக் கோணத்தையும் முகவாயையும் வாயின் உட்புறமாகவே அறுத்துக் குறைக்கிறார்கள், வெளியே தழும்பில்லை. ஆனால் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அவ்வெலும்பின் உள்ளேதான் ஓடுகிறது. அது அடிபட்டால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அது நிலைத்தும் விடும். எலும்பு குறைந்தால் மேல்தோல் தொய்வதும் உண்டு.

எலும்பைத் தொடாத வழிகளும் இருக்கின்றன. அகன்ற முகமெல்லாம் எலும்பினால் அகன்றதன்று. உறக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கமுள்ளோருக்கு மெல்லும் தசை தடித்திருக்கும். அதில் பொட்டுலினம் ஊசி போட்டால் தசை மெலியும். சில மாதங்களில் மீண்டும் பழையபடி ஆகும். கன்னத்தையும் உதட்டையும் நிரப்பும் ஹையலூரோனிக் அமில ஊசியும் அவ்வாறே தற்காலிகமானது. அதை விளையாட்டாக எண்ணுவோர் ஒன்றை அறிய வேண்டும்: தவறி இரத்தக் குழாயில் ஏறினால் கண்பார்வை போன நிகழ்ச்சிகள் உள்ளன. அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளும் காரியம் அன்று அது. முகத்து மயிர் மிகுந்தவர்களுக்கு அறுவையே வேண்டா. சினைப்பை நீர்க்கட்டி போன்ற காரணம் உண்டா என்று பார்த்து மருந்து தருவார்கள், லேசர் செய்வார்கள்.

இவற்றையெல்லாம் கேட்டபின் நாம் அவளுக்குச் சொன்னது சிறிய விடை. நோய் மாற்றிய முகத்தைத் திருத்துவது படைப்பை மாற்றுவதன்று; படைப்புக்குத் திரும்புவது. கூடும். எதைச் செய்வது, எதை விடுவது என்பதை மருத்துவரும் நீயும் முடிவு செய்யுங்கள். 2016இல் சொன்னது பிழை. அதைத் திரும்பப் பெறுகிறோம். இவ்வளவே. அவள் அழுதாள். நம் இல்லத்தார் தேநீர் கொண்டுவரும் சாக்கில் எழுந்து போனார்.

ஹார்மோன் அடங்கி நிலைத்த பின்னரே எலும்பைத் தொடலாம் என்பதனால் மேலும் ஒரு வருடம் காத்திருந்து, 2021இல் கீழ்த்தாடையை மட்டும் பின்தள்ளி வைத்துக்கொண்டாள். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல் மென்று உண்ணவே முடியாதிருந்தது. நெற்றியை விட்டுவிட்டாள். ஏன் என்று நாம் கேட்டதற்கு, “காதுக்குக் காது கீறணுமாமே, முக்காட்டுக்குள்ள இருக்கிற நெத்திதானே ஹஜ்ரத்” என்று சிரித்தாள். கணவர் இப்போது ஊரோடு வந்துவிட்டார். அவர் நம்மை நேருக்கு நேர் பார்ப்பதில்லை, நாமும் அப்படித்தான்.

நோய் ஏதுமின்றிப் பிறவியிலேயே அத்தகைய முகம் வாய்த்தவர்களின் கேள்வி இதனினும் கடினமானது. அதை ஒரே சொல்லில் முடிக்க நமக்கு இப்போது துணிவில்லை. 2007ஆம் ஆண்டு ஜூலையில் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் தீர்மானம் நம்முன் இருக்கிறது. பிளவுண்ட உதடு, மிகக் கோணலான மூக்கு போன்ற பிறவிக் குறைகளையும், விபத்தாலும் நோயாலும் வந்த குறைகளையும் திருத்துவதை அது அனுமதிக்கிறது. உடலுக்கோ உள்ளத்துக்கோ துன்பம் தரும் விகாரத்தை நீக்குவதையும் அனுமதிக்கிறது. மனவிருப்பத்துக்காகவும் பிறரைப் போலத் தோன்றவும் இயல்பான முகத்தை மாற்றுவதை அது ஏற்கவில்லை. இந்த இரண்டுக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது? உள்ளத்துத் துன்பத்தை அளப்பது யார்? பெண் பார்க்க வந்த வீட்டார், பிள்ளைக்குத் தாடை ஆணின் தாடைபோல் இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் பலகாரம் தின்று போனால், துன்பம் பெண்ணுக்கு. விகாரமோ சொன்னவர்களின் நாவில். அந்த நாவைத் திருத்த எந்த மருத்துவரிடம் அனுப்புவது?

2023இல் அப்படியே ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் படிப்பவள். மூன்று வரன் தட்டிப்போனதாம். தாடையை அறுத்துக்கொள்ள அவளுடைய வாப்பா நிலத்தை விற்க இருந்தார். எப்போதிலிருந்து இப்படி என்றோம். பிறந்ததிலிருந்தே, இவள் மூமா முகம் இதுதான் என்றார் உம்மா. மூமாவின் படத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். அப்படியே அச்சாக இருந்தது. ஆயினும் ஹார்மோன் மருத்துவரிடம் ஒருமுறை அனுப்பினோம். குறையொன்றும் இல்லை. பல் மருத்துவர் பார்த்துவிட்டு, இரவில் பல்லைக் கடிக்கிறாள், தசைதான் தடித்திருக்கிறது என்று உறக்கத்தில் பல்லுக்கு இடும் ஒரு கவசம் செய்து கொடுத்தார். நிலம் விற்கப்படவில்லை. அப்பெண்ணின் மனம் அமைதியடைந்ததா என்றால், இல்லை. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கூடாது என்று சொல்லி அவளை அனுப்பிவிட நமக்கு வாய் வரவில்லை. கூடும் என்று சொல்லவும் கிதாபு இடம் தரவில்லை. வா, மீண்டும் பேசுவோம் என்கிறோம். வருகிறாள்.

சென்ற ரமலானுக்கு முன், பழைய மாணவி மறுபடி வந்தாள். மகளை மக்தபில் சேர்க்க வந்தவள், பேச்சோடு பேச்சாக ஒரு ஸகாத் கேள்வியும் கேட்டாள். அணிகிற நகைக்கு நம் மத்ஹபில் ஸகாத் இல்லை என்று ஓதிக்கொடுத்தீர்களே. வெட்டுண்டு கிடக்கும் மோதிரத்தை மற்றக் கட்டித் தங்கத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டுமா என்றாள். விடை நம் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டு கேட்டோம்: வெட்டியது எப்போது? ஒட்டிப் போட்டுக்கொள்ளும் எண்ணம் உண்டா?

“2014ல வெட்டினது ஹஜ்ரத். கொஞ்சம் பெரிசாக்கிப் போட்டுக்கணும்னுதான் வச்சிருக்கேன்.”